கணக்கு ஃபைல் திறக்கவில்லையா? – கேள்வி பதில்

கேள்வி (உசிலம்பட்டி): அப்பா காலத்துச் செய்முறை (மொய்) நோட்டைப் பார்த்து, யார் நமக்கு எவ்வளவு செய்தார்கள், நாம் யாருக்குத் திருப்பிச் செய்துவிட்டோம் என்று எல்லாவற்றையும் க்னூகேஷ் என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றி வைத்திருந்தேன். போன வாரம் வேலையின் நடுவில் கரண்ட் போனது. அப்புறம் திறந்தால் 'லாக் (பூட்டு) கிடைக்கவில்லை' என்று வருகிறது. ஆவணியில் வரிசையாக விசேஷம் இருக்கிறது. எல்லாம் போய்விட்டதா?

போகவில்லை, பதறாதீர்கள். முதல் வேலையாக அந்த ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுத்து வேறு இடத்தில் போடுங்கள். இனி எது செய்தாலும் அந்தக் காப்பியில்தான், மூல ஃபைலில் கை வைக்கவே கூடாது. க்னூகேஷ் ஒரு ஃபைலைத் திறந்ததும் பக்கத்திலேயே எல்சிகே என்று முடியும் ஒரு சின்ன ஃபைலைப் போட்டு வைக்கும், இன்னொருவர் அதே நேரத்தில் திறந்து கணக்கைக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காக. ஒழுங்காக மூடினால் அதுவே அழித்துவிடும், கரண்ட் பட்டென்று போனால் அது அப்படியே கிடக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான். வீட்டில் வேறு யாரும் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதியானால் 'ஓபன் எனிவே' கொடுத்துத் திறந்துவிடலாம்.

திறந்த பிறகு அன்றைக்கு ஏற்றிய வரிகள் இல்லையென்றால் ஃபோல்டரை நிதானமாகப் பாருங்கள். உங்கள் ஃபைல் பெயருக்குப் பின்னால் 20250314193005 என்பது போல 14 இலக்கம் ஒட்டிய ஃபைல்கள் நிறைய இருக்கும். அது 2025 மார்ச் 14, இரவு 7.30 தாண்டி 5 நொடி என்று அர்த்தம். நீங்கள் சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தைய நிலையை அது இப்படி எடுத்து வைக்கிறது. அதே மாதிரி இலக்கத்தோடு 'லாக்' (log, இது பூட்டு அல்ல, பதிவேடு) என்று முடியும் ஃபைல்களும் கிடக்கும், சேவ் செய்யாமல் விட்ட பதிவுகள்கூட அதில் எழுதப்பட்டிருக்கும். கடைசியாக சேவ் ஆன ஃபைலைத் திறந்து, ஃபைல் மெனுவில் இம்போர்ட்டுக்குள் போய் 'ரீப்ளே லாக்' என்பதில், அந்தக் கடைசி சேவுக்குப் பிறகு தொடங்கிய லாக்கை மட்டும் கொடுங்கள். பழைய லாக்கையெல்லாம் கொடுக்காதீர்கள்.

இந்தப் பழைய நகல்களை 30 நாளைக்குத்தான் வைத்திருக்கும், அமைப்பை நீங்கள் மாற்றாதவரை. செய்முறைக் கணக்கை வருஷத்துக்கு நாலு தடவைதான் திறப்போம் என்பதால் பிரிஃபரன்ஸஸில் போய் அந்த நாள் கணக்கைக் கூட்டி வைப்பது நல்லது. ஃபைலை எஸ்கியூலைட் என்ற தரவுத்தள வடிவில் சேமித்திருப்பவர்களுக்கு இந்தத் தானியங்கி நகல் கிடையாது, அவர்கள் கையால்தான் எடுக்க வேண்டும். அப்புறம் ஒன்று: அப்பாவின் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். 1985-ல் ஒருவர் செய்த 51 ரூபாயை நாம் மறந்துபோனால் அவர் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

கேள்வி (மதுரை, அண்ணா நகர்): அமெரிக்காவில் இருந்த காலத்தில் மைக்ரோசாஃப்ட் மனி என்ற மென்பொருளில் எழுதிய கணக்கு சிடியில் இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டரில் எதிலும் திறக்கவில்லை.

அந்த மென்பொருள் விற்பனை 2009 ஜூனோடு நின்றுவிட்டது. பழைய ஆட்களுக்காக 2010-ல் 'சன்செட்' என்று ஒரு இலவசப் பதிப்பை விட்டார்கள், அதுதான் உங்களுக்கு வழி. சிடியில் உள்ளது எம்என்ஒய் என்று முடிந்தால் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்துவிட்டு நேராகத் திறக்கலாம். எம்பிஎஃப் என்றால் அது பேக்கப், ரீஸ்டோர் செய்துதான் திறக்க வேண்டும். திறந்ததும் ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாக க்யூஐஎஃப் (கணக்கை வேறு மென்பொருளுக்கு மாற்றும் வடிவம்) ஆக எடுத்துவிடுங்கள், அதை க்னூகேஷ் படிக்கும். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய பணம் இரண்டு ஃபைலிலும் இருக்கும், ஏற்றும்போது இரட்டையாக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருமங்கலம்): பேங்க் ஸ்டேட்மெண்டை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த பட்டியல் ஃபைல்) க்னூகேஷில் ஏற்றினேன். ஏப்ரல் 5-ல் கட்டிய ஸ்கூல் ஃபீஸ் மே 4 என்று விழுந்திருக்கிறது.

நம் பேங்க் நாளை முன்னால் போடுகிறது, மென்பொருள் மாதத்தை முன்னால் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு வரியாகத் திருத்த உட்காராதீர்கள். ஏற்றுவதற்கு முந்தைய நகலுக்குத் திரும்பி, தேதி அமைப்பில் நாள்-மாதம்-ஆண்டு என்று தேர்ந்தெடுத்து மறுபடி ஏற்றுங்கள். நடுவில் அந்த சிஎஸ்வியை எக்ஸெலில் திறந்து சேவ் செய்யாதீர்கள், 15 இலக்கத்துக்கு மேல் போகும் எண்களின் கடைசி இலக்கங்களை அது பூஜ்யமாக்கிவிடும்.

கேள்வி (மேலூர்): நானும் வீட்டுக்காரரும் ஒரே கணக்கு ஃபைலை கூகுள் டிரைவில் வைத்து எழுதுகிறோம். நான் போட்டது காணாமல் போகிறது.

இருவரும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைசியாக சேவ் செய்தவருடையதுதான் நிற்கும். ஒருவர் மூடிய பிறகே இன்னொருவர் திறக்க வேண்டும், வேறு மருந்து இல்லை. போனதை எடுக்க டிரைவில் அந்த ஃபைலின் பழைய பதிப்புகளைப் பாருங்கள், 30 நாள் வரை இருக்கும். அதனால் இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி (வாடிப்பட்டி): ஞாயிற்றுக்கிழமைதோறும் பென் டிரைவில் காப்பி எடுக்கிறேன். போதுமா?

எடுத்த காப்பியை ஒரு தடவையாவது வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. எட்டு மாதம் வாராவாரம் பென் டிரைவில் போட்டுக்கொண்டே வந்தேன். கம்ப்யூட்டர் படுத்தபிறகு, தைரியமாக ஃபார்மேட் செய்யச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பென் டிரைவைச் செருகினால் உள்ளே இருந்தது டெஸ்க்டாப்பில் கிடந்த ஷார்ட்கட், அம்புக்குறி போட்ட படம், அளவு 2 கேபி. அவ்வளவு நாளும் கணக்கு என்று நினைத்து அதைத்தான் இழுத்துப் போட்டிருக்கிறேன். தங்கை கல்யாணச் செலவு முழுக்க அந்த ஃபைலில் இருந்தது. பந்தல்காரர், சமையல்காரர் என்று ஒவ்வொருவரிடமாகப் போய், பாஸ்புக்கையும் பில்லையும் பரப்பி வைத்து, பாதியைத்தான் திரும்ப எழுத முடிந்தது.

அதனால் இந்த ஞாயிறு காப்பி எடுத்ததும் ஃபைலின் அளவைப் பாருங்கள், மூல ஃபைலின் அளவே இருக்க வேண்டும். அதை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து, கடைசி இருப்பு பாஸ்புக்கோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். ஒரு பென் டிரைவ் போதாது, இன்னொன்றை வாங்கி மாற்றி மாற்றி எழுதி, ஒன்றைச் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.