கார் பிரேக்கில் சத்தமா? வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, என்னுடைய ஹேட்ச்பேக் காருக்கு ஐந்து வயது ஆகிறது. இதுவரை 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சிக்னலில் மெதுவாக பிரேக்கை மிதிக்கும்போது முன்பக்கச் சக்கரத்திலிருந்து ‘கிறீச்’ என்று சத்தம் வருகிறது. எங்கள் பகுதி மெக்கானிக் பிரேக் பேடைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டிக் கொடுத்தார். பத்து நாள் சத்தமே இல்லை. இப்போது முன்பைவிட அதிகமாகக் கேட்கிறது. மறுபடியும் தேய்த்தால் போதுமா, பேடையே மாற்ற வேண்டுமா? — ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பேடில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவர் அளந்து சொன்னாரா? உங்கள் கடிதத்தில் அந்த விவரம் இல்லை. முதலில் தெரிய வேண்டியது அதுதான். புதிய பேடில் உராயும் பகுதியான லைனிங், பெரும்பாலான சிறிய கார்களில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அது தேய்ந்து 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது.

பல பேடுகளின் ஓரத்தில் வளைந்த சிறிய எஃகுத் தகடு ஒன்று இருக்கும். லைனிங் தேய்ந்து தீரும் நிலைக்கு வரும்போது அந்தத் தகடு, பேடுகள் இருபுறமும் கவ்விப் பிடிக்கும், சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடான டிஸ்க்கின் மீது உரசி, ஓட்டுநரின் காதில் விழும்படி கிறீச்சிடும். எச்சரிப்பதற்கென்றே வைக்கப்பட்ட தகடு அது. அந்தச் சத்தம் பெரும்பாலும் கார் உருண்டுகொண்டிருக்கும்போதே கேட்கும். பிரேக்கை அழுத்தினால் குறையவோ மாறவோ செய்யும். உங்களுக்கு மெதுவாக மிதிக்கும்போது மட்டும் கேட்கிறது என்பதால் வேறொரு காரணமும் இருக்கலாம். பேடும் டிஸ்க்கும் ஒன்றையொன்று பற்றுவதும் வழுக்குவதுமாக விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும்போது அந்த அதிர்வுதான் கிறீச்சொலியாகக் கேட்கிறது. அதை அடக்குவதற்காகப் பேடின் முதுகில் ஷிம் என்னும் மெல்லிய தகடும், இரு முனைகளிலும் கிளிப்புகளும் இருக்கும். முன்பு எப்போதாவது பேடைக் கழற்றியவர்கள் ஷிம்மைத் திரும்ப வைக்காமல் விட்டிருந்தாலோ, கிளிப் தளர்ந்திருந்தாலோ இந்தச் சத்தம் வரும். உப்புத்தாளால் தேய்த்தால் பேடின் பளபளத்த மேல்தோல் போய்ச் சில நாள் அமைதி கிடைக்கும். அதிர்வுக்கான காரணம் அப்படியே இருப்பதால் சத்தம் திரும்பிவிடுகிறது. ஆகவே மறுபடியும் தேய்க்க வேண்டாம்.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு “பேடு நன்றாக இருக்கிறது” என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். வெளியிலிருந்து தெரிவது வெளிப்பக்கப் பேடு மட்டும்தான். எங்கள் பணிமனைக்கு வந்த ஒரு காரில் வெளிப்பக்கப் பேடு 6 மில்லிமீட்டர் இருந்தது. பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் கவ்வியான காலிப்பரைத் தூக்கிப் பார்த்தபோது உட்பக்கப் பேடில் லைனிங் என்பதே இல்லை. வெறும் இரும்புத் தகடுதான் மிஞ்சியிருந்தது. டிஸ்க்கின் உட்பக்கத்தில் நகத்தை வைத்து இழுத்தால், வரிவரியாக விழுந்திருந்த பள்ளங்களில் நகம் சிக்கி நின்றது. காலிப்பர் நகர்வதற்கான கைடு பின் துருப்பிடித்து இறுகிப் போனதே அதற்குக் காரணம். பின் நகரவில்லை என்றால் வேலை முழுவதும் உட்பக்கப் பேடின் தலையில் விழுந்துவிடும். அந்தக் காரின் உரிமையாளருக்கும் தொடக்கத்தில் ‘கிறீச்’ என்றுதான் கேட்டிருக்கிறது. அது ‘கரகர’ என்று மாறிய பிறகுதான் வந்தார். அதற்குள் டிஸ்க்கையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது.

எனவே சக்கரத்தைக் கழற்றி, இரு பக்கப் பேடுகளையும் உங்கள் கண்ணெதிரில் அளக்கச் சொல்லுங்கள். கைடு பின்கள் விரலால் தள்ளினால் நகர வேண்டும். அவற்றுக்கு வெப்பம் தாங்கும் சிலிக்கான் கிரீஸ் மட்டுமே போட வேண்டும், சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை உப்ப வைத்துவிடும். பேடின் முகத்திலோ டிஸ்க்கின் மீதோ ஒரு துளி எண்ணெயும் படக் கூடாது. சத்தத்தை நிறுத்துவதற்காக அங்கே எண்ணெய் விடுபவர்களும் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. பேடு மாற்ற நேர்ந்தால் முன்பக்கத்தின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றிய பிறகு, பின்னால் வண்டி வராத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20க்கு, முழுவதும் நிறுத்தாமல், பத்து முறை நிதானமாகக் குறைத்து ஓட்டுங்கள். பேடு டிஸ்க்கோடு படிந்துகொள்ளும். முதல் 300 கிலோமீட்டர் வரை அவசியமில்லாமல் அழுத்தமாக மிதிக்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: மழை பெய்த மறுநாள் காலையில் காரை எடுத்தால் முதல் இரண்டு மூன்று முறை பிரேக் போடும்போது ‘சரசர’ என்று உரசும் சத்தம் வருகிறது. பிறகு வருவதில்லை. இது பழுதா? — ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பழுதில்லை. டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. ஓரிரவு ஈரத்திலேயே அதன் மேல் மெல்லிய துரு படிந்துவிடும். பேடு அதைத் துடைத்தெடுக்கும் சத்தம்தான் அது. கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரமாகத் துரு படியும். ஐந்தாறு முறை பிரேக் போட்ட பின்னும் நிற்கவில்லை என்றால் மட்டும் காட்டுங்கள். நனைந்த காரை ஹேண்ட் பிரேக் போட்டு நாள் கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். பின்சக்கரத்தோடு சுழலும் உருளையான டிரம்மில், அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூ ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது ‘டொக்’ என்று விடுபடும். சமதளமாக இருந்தால் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தினால் போதும்.

கேள்வி: நான்கு பேராகக் கொல்லிமலை சென்று, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் காரவள்ளி அடிவாரத்துக்கு வந்தபோது முன்சக்கரங்களிலிருந்து தீய்ந்த வாடை அடித்தது. கடைசி வளைவுகளில் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. ஆறிய பிறகு சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து பிரேக் போட்டால் கிறீச்சிடுகிறது. வேகத்தில் மிதித்தால் ஸ்டியரிங்கும் நடுங்குகிறது. — ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: நீங்கள் அனைவரும் நலமாக ஊர் திரும்பியதில் எனக்குப் பெரும் நிம்மதி. பெடல் உள்ளே போனதுதான் நீங்கள் எழுதியவற்றில் மிக ஆபத்தானது. ஆறியதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த இறக்கம் முழுவதையும் பிரேக்கே தாங்கினால், ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் அந்தச் சிறிய பேடுகளிலும் டிஸ்க்குகளிலும் டிரம்களிலும் இறங்கும். லைனிங்கிலுள்ள பிசின் தீய்ந்து, மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளப்பாகி இறுகிவிடும். கிறீச்சொலி அதனால் வருகிறது. பேடின் பொருள் டிஸ்க்கின் மீது திட்டுத்திட்டாக ஒட்டினாலோ, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறினாலோ ஸ்டியரிங் நடுங்கும்.

பெடல் மெத்தென்று போனதற்குப் பெரும்பாலும் பிரேக் ஆயில் கொதித்ததே காரணம். டாட் 4 வகைப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது, நீர் 3.7 சதவீதம் சேர்ந்த நிலையில் அதன் கொதிநிலைக்குத் தர நிர்ணயம் வைத்திருக்கும் கீழ்வரம்பே 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். திரவத்தைப் போலன்றி ஆவி அமுங்கக்கூடியது என்பதால், மிதிக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பெரும்பாலான கார்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். உங்கள் காரில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று சர்வீஸ் சீட்டைப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுங்கள், பேடுகளையும் மாற்றுங்கள். டிஸ்க்கை மைக்ரோமீட்டரால் சுற்றிலும் பல இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். எவ்வளவு வரை தேயலாம் என்ற அளவு டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்து சமன்படுத்திய பிறகு அந்த அளவுக்குக் கீழே போகும் என்றால் புதிய டிஸ்க்தான் போட வேண்டும். இந்த வேலைகள் முடியும்வரை அந்தக் காரில் மலைப்பாதைக்குப் போக வேண்டாம். அடுத்த முறை இறங்கும்போது இரண்டாவது கியரில், செங்குத்தான இடங்களில் முதல் கியரில், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் வாருங்கள். எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கில் காலை வைத்தபடியே வராமல், தேவையான இடத்தில் அழுத்தமாக மிதித்துவிட்டு உடனே விடுங்கள். நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள்.

கேள்வி: பேடை இரண்டு முறை மாற்றியும் என் காரில் ‘உம்’ என்ற சத்தம் போகவில்லை. வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறது. பிரேக் போட்டாலும் போடாவிட்டாலும் மாற்றமில்லை. — ஒரு வாசகர், மதுரை

பதில்: பிரேக் போடும்போது மாறாத சத்தத்துக்குப் பேடைக் குறை சொன்னது தவறு. சக்கரம் தடையின்றிச் சுழலத் தாங்கும் வீல் பேரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காலியான சாலையில் இடப்பக்கம் வளைந்து செல்லும்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங்கையும், வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடப்பக்கப் பேரிங்கையும் சந்தேகியுங்கள். வளையும்போது காரின் பாரம் எதிர்ப்பக்கச் சக்கரத்தில் விழுகிறது. பிறகு ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் தேய்ந்த பேரிங் பெரும்பாலும் ஆட்டம் காட்டும். கையால் சுற்றும்போது சொரசொரப்பாகவும் உணரலாம். டயர் சமமில்லாமல் தேய்ந்திருந்தாலும் இதே ஒலி வரும் என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் கார் ஓட்டக் கற்று மூன்று மாதம்தான் ஆகிறது. மழையில் ஒரு மாடு குறுக்கே வந்ததால் பிரேக்கை அழுத்தமாக மிதித்தேன். ‘கடகட’ என்ற சத்தத்தோடு பெடல் காலை உதைப்பதுபோல் துடித்தது. பயந்து காலை எடுத்துவிட்டேன். பிரேக் உடைந்துவிட்டதா? — ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உடையவில்லை. அது ஏபிஎஸ் வேலை செய்யும் சத்தம். வழுக்கும் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பிரேக் அழுத்தத்தை அது விநாடிக்குப் பல முறை விட்டு விட்டுக் கொடுக்கிறது. அந்தத் துடிப்புதான் பெடலில் தெரிகிறது. நீங்கள் காலை எடுத்த கணத்தில் பிரேக்கும் விட்டுப்போகிறது. இனி அப்படி நேர்ந்தால் பெடல் எவ்வளவு துடித்தாலும் முழு பலத்தோடு மிதித்தபடியே இருங்கள். சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாததால், மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பி விலகிச் செல்ல முடியும். ஆளில்லாத ஈர மைதானம் ஒன்றில், 30 கிலோமீட்டர் வேகத்தில், பழகிய ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு நான்கைந்து முறை இதைச் செய்து பாருங்கள். அந்தச் சத்தமும் துடிப்பும் உங்கள் காலுக்குப் பழகிவிடும்.