மேக்ஸ் கோட்டுக்கு மேல் 10 மி.மீ. ஆயில் நிற்கிறது, ஓட்டலாமா?

காரில் இன்ஜின் ஆயில் மாற்றியபின், டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) மேக்ஸ், அதாவது அதிகபட்ச அளவுக் கோட்டுக்கு மேல் 10 மி.மீ. காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அளவைச் சரிபாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்து 10 நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கைத் துடைத்து, முழுவதும் உள்ளே செருகி எடுத்து, இரண்டு பக்கமும் பாருங்கள். குறைவாகக் காட்டும் பக்கம்தான் சரி. மற்றப் பக்கத்தில் குழாய்ச் சுவரில் இருந்த ஆயில் ஒட்டியிருக்கும்.

அப்போதும் அதே அளவு என்றால் தயவுசெய்து ஓட்டாதீர்கள். பல கார்களில் மின் (Min, குறைந்தபட்ச அளவு) கோட்டுக்கும் மேக்ஸ் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய 1 லிட்டர். அந்த இடைவெளி உங்கள் டிப்ஸ்டிக்கில் 20 மி.மீ. என்றால், கூடுதல் சுமார் அரை லிட்டர். கிராங்க்‌ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அதில் அடித்தால் ஆயில் நுரைக்கும். பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்க, ஆயில் பிரஷர் குறைந்து, தண்டைத் தாங்கும் பேரிங் தேயும். மிச்சம் பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்) வழியாக, இன்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்குப் போய் நீலப் புகையாக வரும்.

டிப்ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய டியூப் விட்டு, பெரிய சிரிஞ்சால் 200 மி.லி. 200 மி.லி.யாக உறிஞ்சி எடுத்து, ஒவ்வொரு முறையும் அளவு பாருங்கள். மேக்ஸுக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்துங்கள். அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைத் தொடவே வேண்டாம். அவசரத்தில் அதுதான் என்று நினைத்து கியர்பாக்ஸ் பிளக்கைத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு.

டீசல் கார் என்றால் ஆயிலை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, அளவும் தானாக ஏறிக்கொண்டே போனால் எரிபொருள் கலக்கிறது. அதற்கு உறிஞ்சி எடுப்பது தீர்வாகாது. ஆயிலை முழுவதும் மாற்றி, காரணத்தையும் கண்டுபிடிக்க வேண்டும்.