55 ஷெவிக்கு எந்த இன்ஜின் போடலாம்?

கேள்வி: ஒஹாயோவில் வசிக்கிறேன். 1955 ஷெவர்லே 210, இரண்டு கதவு செடான் ஒன்று வாங்கியிருக்கிறேன். பழைய டிராக் ரேஸ் ‘கேஸர்’ பாணியில் முன்பக்கம் ஸ்ட்ரெய்ட் ஆக்சில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே நேர் அச்சு) போட்டு, மூக்கைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் இல்லை. நண்பர்களில் ஒருவர் காயலான் கடையில் கிடைக்கும் 5.3 எல்.எஸ். (ஷெவியின் பிற்கால 5.3 லிட்டர் வி8) என்கிறார், இன்னொருவர் கிறைஸ்லரின் 392 கன அங்குல ஹெமி என்கிறார், மூன்றாமவர் ஷெவியின் சாதாரண 350 கன அங்குல வி8 போதும் என்கிறார். வார இறுதியில் ஊர் சுற்றவும், வருடத்தில் இரண்டு மூன்று தடவை கால் மைல் ஓட்டிப் பார்க்கவும்தான் ஆசை. மேலே ஸ்கூப் (காற்று வாங்கும் மேடு) வைத்த ஃபைபர் பானட் ஒன்றுக்கும் ஆர்டர் கொடுக்கப் போகிறேன். எதைப் போடலாம்?

பதில்: மூன்றாவது நண்பர் சொல்வதைக் கேளுங்கள். மற்ற இருவர் சொல்வதும் தப்பில்லை, ஆனால் அவர்கள் மனதில் ஓடுவது வேறு கார்.

முதலில் ஹெமி. கிறைஸ்லர் 1957, 58இல் போட்ட 392ஐப் பானட்டைத் திறந்து காட்டினால் கூட்டம் கூடும், அதில் சந்தேகமில்லை. எடை ஏறத்தாழ 340 கிலோ. ஷெவியின் ஸ்மால் பிளாக் (350ம் அந்தக் குடும்பம்தான்) 260 கிலோ அளவுதான். கேஸரின் மூக்கைத் தூக்கியதே, புறப்படும்போது எடை பின்சக்கரத்துக்குப் போய் டயர் தரையைப் பிடிக்கட்டும் என்றுதான். அதே மூக்கில் 80 கிலோ கூடுதலாக ஏற்றினால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். போதாததற்கு ஷெவி கியர்பாக்ஸை மாட்ட அடாப்டர் வேண்டும், பிஸ்டன் முதல் வாட்டர் பம்ப் வரை எல்லாமே விலை. யானையைக் கட்டித் தீனி போட வசதி இருந்தால் போடுங்கள்.

எல்.எஸ். விஷயத்தில் நடப்பது வேறு. பிக்கப் லாரியிலிருந்து கழற்றிய 5.3 மலிவு, உழைப்பாளி, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். லாரியின் ஆயில் பான் ஆழமானது. உங்கள் ஆக்சில் மேலே எழும்பும்போது இடிக்கும், அதனால் வேறு பான். கம்ப்யூட்டர், வயரிங், 58 பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும் பெட்ரோல் பம்ப், அதற்கேற்ற டேங்க் குழாய் என்று பட்டியல் நீளும். கார்புரேட்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்றாலும் இக்னிஷனுக்குத் தனிப் பெட்டி வேண்டும். எல்லாம் முடித்துப் பானட்டைத் திறந்தால், வால்வ் கவர் மேல் வரிசையாகக் காயில்கள், டிஸ்ட்ரிபியூட்டரைக் காணோம். தினமும் வேலைக்கு ஓட்டிப்போகும் கார் என்றால் நானே எல்.எஸ். என்றுதான் சொல்லியிருப்பேன். கேஸருக்கு முகமே இன்ஜின்தானே!

இனி 350. ஷெவியின் முதல் ஸ்மால் பிளாக்கான 265, 1955 மாடலில்தான் வந்தது. அதாவது உங்கள் கார் இந்தக் குடும்பத்துக்காகவே செய்த கார். 1967இல் வந்த 350க்கும் வெளி அளவு கிட்டத்தட்ட அதேதான். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். 55இல் இன்ஜினை முன்னால் இரண்டு இடத்திலும், பின்னால் பெல் ஹவுஸிங்கின் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) இரு பக்கமும் தாங்குவார்கள். பக்கவாட்டு மவுன்ட் கிடையாது. டர்போ 350 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போட்டால் பெல் ஹவுஸிங்கில் அப்படித் தாங்கும் காதுகள் இருக்காது, கியர்பாக்ஸுக்கு அடியில் குறுக்குச் சட்டம் வைக்க வேண்டும். ஸ்ட்ரெய்ட் ஆக்சில் போட்டவர் சேஸிஸில் ஏற்கெனவே எதையாவது வெல்ட் செய்திருக்கலாம். டார்ச் லைட்டுடன் அடியில் படுத்துப் பாருங்கள். இன்ஜினைப் பின்னால் தள்ளி வெல்ட் செய்திருந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் காலக் கேஸர் விதிகளே வீல்பேஸில் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) பத்து சதவீதம் வரை தள்ள அனுமதித்தன. 115 அங்குல வீல்பேஸுக்கு அது பதினொன்றரை அங்குலம்.

எவ்வளவு குதிரைத்திறன்? ஓட்டுநரோடு கார் 3500 பவுண்டு என்று வையுங்கள். 400 குதிரைத்திறனுக்கு, டயர் நன்றாகப் பிடித்தால், கால் மைல் ஏறத்தாழ 12 வினாடி. 500 என்றால் 11.1 வரும். ஆனால் 11.49ஐவிட வேகமாக ஓடும் பழைய காருக்கு டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. ரோல் பார் (கார் கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் குழாய் வளைவு) கேட்கும். வருடத்தில் மூன்று நாளுக்காகப் பின்சீட்டில் இரும்புக் குழாய் வேண்டுமா? 400இல் நில்லுங்கள்.

இரும்பு ஹெட் என்றால் கம்ப்ரஷன் 9.5ஐத் தாண்ட வேண்டாம், பங்க் பெட்ரோலில் நாக் ஆகும். கார்புரேட்டருக்குச் சின்னக் கணக்கு: 350ஐ 6000 சுற்றால் பெருக்கி 3456ஆல் வகுத்தால் ஏறத்தாழ 608 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று). ஒரே ஒரு 650 போதும். டனல் ராம் என்ற உயரமான மேனிஃபோல்ட் மேல் இரட்டைக் கார்புரேட்டர் பார்க்க அழகு, சிக்னலுக்குச் சிக்னல் திணறும்.

பின் ஆக்சில் இன்னும் பழையதுதானா? அப்படியானால் இன்ஜினுக்கு முன்பே அதை மாற்றுங்கள். ஸ்லிக் டயர் (பூ இல்லாத ரேஸ் டயர்), நாலு கியர் பாக்ஸ், கிளட்ச்சைச் சட்டென்று விடும் கால், மூன்றும் சேர்ந்தால் அது தாங்காது. ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலைப் பலரும் போடுகிறார்கள். 28 அங்குல டயருக்கு ஆக்சிலில் 4.11 கியர் விகிதம் போட்டால் 65 மைல் வேகத்தில் 3200 சுற்று கத்தும், 3.73 என்றால் 2900. ஊர் சுற்றுவதுதான் அதிகம் என்கிறீர்கள், எனவே 3.73.

வாங்கும்போது ஏமாறாதீர்கள், நான் ஏமாந்திருக்கிறேன். “சுத்தமான 350 சார்” என்று ஒருவர் விற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹெட்டைக் கழற்றினால் 305. வெளியே அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். கம்பி பிரஷ் கையோடு கொண்டுபோங்கள். பிளாக்கின் பின்முனையில், ஓட்டுநர் பக்கம், பெல் ஹவுஸிங் சேரும் விளிம்பில் வார்ப்பு எண் இருக்கும். கிரீஸைச் சுரண்டிப் படியுங்கள். 3970010 என்று இருந்தால் நல்ல சகுனம். ஹெட் கழன்றிருந்தால் சிலிண்டர் துளையின் விட்டத்தை அளந்துவிடுங்கள்: 350க்கு 4 அங்குலம், 305க்கு 3.736.

அப்புறம், மேலே ஸ்கூப் வைத்த ஃபைபர் பானட் ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். இப்போது வேண்டாம். இன்ஜின் உட்கார்ந்து, கார்புரேட்டரும் ஏர் கிளீனரும் மாட்டிய பிறகு உயரத்தை அளந்து வாங்குங்கள்.