ஃபெரிட்டின் 520 என்றால் உடம்பில் இரும்பு கூடிவிட்டதா?

நம் காலை நடைக் குழுவில் ஒருவர், ரிப்போர்ட்டில் ஃபெரிட்டினுக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தைப் பார்த்த அன்றே வீட்டில் முருங்கைக்கீரையை நிறுத்திவிட்டார். அதைக் கேட்டதும் மனசு கேட்கவில்லை. குழுவில் இருப்பவர்களிடம் கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே என் பதில். பெரம்பூர் பக்கம் ஒரு லேப்பில் 22 வருடம் ரத்தம் பார்த்தவள் நான், டாக்டர் அல்ல. எண்களைப் புரியவைக்க முடியும். மருந்தை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வயது 48, எடை 82 கிலோ, வேளச்சேரி. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 1. ஃபெரிட்டின் 520. ரத்தத்தில் இரும்பு 96, டிஐபிசி 320. எஸ்ஜிஓடி 42, எஸ்ஜிபிடி 64 (இரண்டும் ஈரல் என்சைம்கள்), பிளேட்லெட் 2.1 லட்சம். குடிப்பழக்கம் கிடையாது. இரும்புச்சத்து அதிகமாகி ஈரலைக் கெடுக்கிறதா, மேடம்?

முழு ரிப்போர்ட்டையும் கொடுத்தீர்களே, அதுவே பாதி வேலை. ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேர்த்து வைக்கும் புரதம். ஆனால் உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் அது ஏறும். கொழுப்பு படிந்த ஈரலில் அழற்சி இருக்கும், அதனால் ஃபேட்டி லிவர் உள்ளவர்களில் நிறைய பேருக்கு இந்த எண் கூடுதலாகத்தான் வரும்.

இரும்பு உண்மையிலேயே வழிகிறதா என்று பார்க்க வேறு கணக்கு இருக்கிறது. ரத்தத்தில் இரும்பு 96-ஐ, டிஐபிசி (இரும்பைச் சுமக்க ரத்தத்தில் இருக்கும் மொத்த இடம்) 320-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 30 சதவீதம். இதுதான் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது இரும்பைச் சுமக்கும் வண்டியில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்பது. 45-ஐத் தாண்டினால்தான் இரும்புத் தேக்கம் இருக்குமோ என்று தேட வேண்டும். பரம்பரையாக இரும்பு தேங்கும் ஹீமோகுரோமட்டோசிஸ் வட ஐரோப்பிய வம்சத்தாரிடம் அதிகம். அதற்குக் காரணமான முக்கிய மரபணு மாற்றம் நம் ஊரில் மிக அரிது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது ஈரலில் தழும்பு விழுகிறதா என்பதைத்தான். அதற்கு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கினால் 2016. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் 8; அதைப் பிளேட்லெட் 210-ஆல் (ஆயிரத்தில்) பெருக்கினால் 1680. வகுத்தால் 1.2. 1.3-க்குக் கீழே இருப்பதால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. மேலே போயிருந்தால், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பார்கள்.

கீரையை விடாதீர்கள் சார். இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பாருங்கள், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆறு கிலோ குறைத்தாலே, அதாவது எடையில் ஏழு சதவீதம், ஈரலின் அழற்சி நன்றாகத் தணியும். ஃபெரிட்டினும் பெரும்பாலும் கூடவே இறங்கும்.

அக்கா, எனக்கு நேர் எதிர். வயது 36, ஹீமோகுளோபின் 10.2, ஃபெரிட்டின் 60, சாச்சுரேஷன் 11. ஃபேட்டி லிவர் கிரேடு 2. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினார். ஈரல் கொழுப்பு இருந்தால் இரும்பு சாப்பிடவே கூடாது என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

சாப்பிடுங்கம்மா, தாராளமாக. உங்களுக்கு இரும்பு பற்றவில்லை. 60 என்பது ரிப்போர்ட்டில் நார்மல் என்றே அச்சாகியிருக்கும், ஆனால் அழற்சி அதைத் தூக்கிக் காட்டுகிறது. 11 என்ற எண்தான் நிஜத்தைச் சொல்கிறது. ஈரல் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. உடல் பருமனிலும் அழற்சியிலும் அது கூடி, குடலிலிருந்து இரும்பு உள்ளே வரும் கதவைச் சாத்திவிடும். நன்றாகச் சாப்பிட்டும் ரத்தசோகை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்பதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அங்கே ஓட்டை இருந்தால் எத்தனை மாத்திரையும் நிரப்பாது.

மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள். டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள்.

பையனுக்கு டெங்கு வந்தபோது ஃபெரிட்டின் 3,000-க்கு மேல். இப்போது காய்ச்சல் இல்லை. ஈரலைப் பார்க்கணுமா?

டெங்குவில் அப்படி எகிறும். முழுசாகத் தேறி சில வாரம் ஆன பிறகு, காலையில் வெறும் வயிற்றில் திரும்ப எடுங்கள். அப்போதும் கூடுதலாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வெறும் வயிறு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? ரத்தக் குழாயைச் சுழற்றி எடுத்தால் மேலே சீரம் இளந்தேன் நிறத்தில் தெளிவாக நிற்க வேண்டும். நெய்ப்பொங்கல் சாப்பிட்டு நேரே வந்தவரின் குழாயில் பால் ஊற்றினது மாதிரி கலங்கி நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கலங்கலில் சில அளவுகள் தப்பாக வரும்.

ரத்ததானம் செய்தால் ஈரல் கொழுப்பு குறையுமா?

குறையாது. ஃபேட்டி லிவருக்காக ரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. தானமாகக் கொடுங்கள், அது இன்னொருவர் உயிருக்கு. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை.

நான் சுத்த சைவம், பீர்கூடத் தொட்டதில்லை. எனக்கு எப்படி ஈரலில் கொழுப்பு?

தட்டைப் பாருங்கள் தம்பி. காலையில் நாலு இட்லி, மத்தியானம் குவித்த சோறு, சாயங்காலம் பிஸ்கட், ராத்திரி தோசை. மிஞ்சிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் ஈரலே கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்ளும். சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் பொரியல், சுண்டல், தயிர் வையுங்கள். சாப்பிட்டதும் படுக்காமல் தெருவில் ஒரு நடை.

கீழாநெல்லிப் பொடி?

மஞ்சள் காமாலைக்கென்று கேள்விப்பட்டதை இதற்கும் சாப்பிடுகிறார்கள். கொழுப்பைக் கரைக்க அதை நம்பாதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். பெயர் தெரியாத பொடிகளால் எஸ்ஜிபிடி ஏறுவதும் உண்டு.

கடைசியாக, ஃபில்டர் காபியாவது விட்டு வைப்பீர்களா அக்கா?

குடிங்க. காபி குடிப்பவர்களிடம் ஈரல் தழும்பு குறைவாகவே காணப்படுகிறது. சர்க்கரை மட்டும் வேண்டாம். இரும்பு மாத்திரை போடுகிறவர்கள் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள், காபி இரும்பைச் சேரவிடாது.