அமெரிக்காவில் மதுவிலக்கு எப்படி மாஃபியாவை வளர்த்தது? சிங்கப்பூரின் மதுக் கட்டுப்பாட்டால் அப்படி நடக்காதா?

1920இல் மதுவிலக்கு வருவதற்கு முன்பே சிகாகோவிலும் நியூயார்க்கிலும் ரவுடிகள் இருந்தார்கள். சூதாட்டம், மாமூல் என்று பேட்டைக்குள்ளேயே பிழைப்பு ஓடியது. அவர்களை முதலாளிகள் ஆக்கியதுதான் மதுவிலக்கு.

நகையைத் திருடினால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடலாம். ஓர் ஊருக்கே தினமும் பீர் ஊற்றுவது அப்படியா? ஆலை, பீப்பாய், லாரி, கிடங்கு, கணக்குப்பிள்ளை எல்லாம் வேண்டும். போலீஸ் முதல் அரசியல்வாதி வரை மாதப்படி போக வேண்டும். டெட்ராய்ட் பக்கம் கனடா விஸ்கி படகில் ஆற்றைக் கடந்தது. குளிரில் ஆறு உறைந்ததும் பனிக்கட்டி மேலேயே காரை ஓட்டினார்கள். தனி ரவுடியால் இதெல்லாம் ஆகிற காரியமா?

வாங்குகிறவர்களும் குறையவில்லை. சட்டம் தடுத்தது தயாரிப்பதையும் விற்பதையும் கொண்டுபோவதையும்தான், குடிப்பது குற்றமில்லை. டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையிலேயே விஸ்கி கிடைத்தது!

அப்புறம் தகராறு. பாக்கி வைத்தவன்மேல் வழக்குப் போட முடியாது, லாரியை மடக்கினால் புகார் கொடுக்க முடியாது. துப்பாக்கிதான் பஞ்சாயத்து பண்ணியது. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஒரு கராஜில் 7 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சுட்ட கும்பலில் சிலர் போட்டிருந்தது போலீஸ் உடுப்பு. அந்தக் கொலைகளுக்காக யாருமே தண்டிக்கப்படவில்லை. சிகாகோ கும்பல் தலைவன் அல் கபோனை 1931இல் உள்ளே தள்ளியதுகூட வருமான வரி வழக்குதான்.

1933 டிசம்பரில் தடை நீங்கியது. கும்பல்கள் கலையவில்லை. சேர்த்த பணத்தோடும் ஆட்களோடும் சூதாட்டம், போதைப்பொருள், தொழிற்சங்கம் என்று நகர்ந்துவிட்டன.

சரி, நம்ம சிங்கப்பூர். 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30க்கு மேல் காலை 7 மணி வரை கடையில் மது வாங்கிப்போக முடியாது. தேக்காவில் வாரநாளில் பத்தரை ஆனதும் கடைக்காரர் பீர் அலமாரியைப் பூட்டிவிடுவார். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு" என்றால், "கேமரா இருக்கு தம்பி, காலைல வாங்க" என்பார். தம்பி முணுமுணுத்துக்கொண்டே போவார். விடிந்தால் அதே கடையில் கிடைக்கிற சரக்குக்காக எவனும் லாரி வாங்கிப் போடமாட்டான்.

அதற்காக இங்கே கடத்தலே இல்லை என்று சொல்லமாட்டேன். சிகரெட்டைப் பாருங்கள். தடை இல்லை, வரி மட்டும்தான் எக்கச்சக்கம். அந்த விலை வித்தியாசம் போதும்: லாரிச் சரக்குக்குள் ஒளித்துவைத்த கள்ளச் சிகரெட்டை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடித்த செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது.