இதயச் செயலிழப்பும் நாடித்துடிப்பும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு எக்கோவில் (இதய ஸ்கேன்) பம்பிங், அதாவது நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் பங்கு, 30 சதவீதம் என்றார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 95. பலவீனமான இதயம் மெதுவாகத்தானே துடிக்கும்?

பதில்: பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும். நல்ல இதயம் துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தம் தள்ளும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். தள்ளும் அளவு குறைந்தால், உடம்பு எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கும். கொஞ்ச நாளைக்கு அது உதவி, நீடித்தால் உபத்திரவம். இடது பக்க இதயத்தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும்போதுதான் கிடைக்கிறது. துடிப்பு கூடக்கூட, அந்த ஓய்வு நேரம்தான் அதிகம் வெட்டுப்படும்.

கேள்வி: அப்படியிருக்க, பீட்டா பிளாக்கர் (துடிப்பைக் குறைக்கும் மருந்து) கொடுத்து இதயத்தை இன்னும் அடக்கலாமா? அம்மாவுக்கு ஆரம்பித்ததிலிருந்து ஒரே அசதி.

பதில்: நியாயமான பயம். ஒருகாலத்தில் மருத்துவர்களே இந்தப் பயத்தில் இதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1975இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டைன் குழுவினர் ஏழே நோயாளிகளிடம் பலன் கண்டு எழுதினார்கள். நம்பியவர்கள் குறைவு. 1999இல் வெளிவந்த பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கர்களின் ஆய்வுகள் இரண்டிலும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அப்புறம்தான் எதிர்ப்பு அடங்கியது. அட்ரினலின் வகைச் சுரப்புகள் ஓயாமல் விரட்டுவதிலிருந்து இதயத்தைக் காப்பதுதான் இம்மருந்தின் முக்கிய வேலை. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள்; கார்வெடிலால் என்றால் 3.125 மில்லிகிராமில் ஆரம்பம். முதல் சில வாரங்கள் அசதி சகஜம். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறினாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: முழு அளவு பீட்டா பிளாக்கர் சாப்பிட்டும் எனக்கு நாடி 78. பம்பிங் 32. போதுமா சார்?

பதில்: துடிப்பு சீராக இருந்து, பம்பிங் 35க்குள், நாடி 70க்கு மேல் என்றால் இவாபிராடின் (நாடியைக் குறைக்கும் வேறொரு மருந்து) சேர்க்கலாமா என்று கேளுங்கள். 2010இல் 6,500 பேருக்கு மேல் நடந்த ஆய்வில், இதயநோயால் இறப்பதும் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்வதும் சேர்த்து 18 சதவீதம் குறைந்தன. சிலருக்குக் கண்ணில் ஒளி மின்னுவது போலத் தெரியும். பெரும்பாலும் தானே போய்விடும்.

கேள்வி: எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் தாறுமாறாகத் துடிக்கும் நோய்). இவாபிராடின் உதவுமா?

பதில்: உதவாது. அது வேலை செய்யும் இடம் சைனஸ் முனை, சீரான துடிப்பு கிளம்பும் இடம். உங்கள் துடிப்போ அங்கிருந்து வரவில்லை. வீட்டில் விரல் கருவி காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம், சில துடிப்புகள் விரல்வரை எட்டாது. ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: மருந்தில் நாடி 52. நிறுத்தட்டுமா?

பதில்: தலைசுற்றல், மயக்கம் இருக்கிறதா? இல்லையென்றால் பதற வேண்டாம், அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். இருந்தால் இன்றைக்கே போங்கள்.