பேட்டரி புதுசு, லோரி ஏன் எழவில்லை?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்கு ஒரு பழைய 24 வோல்ட் லோரி இருக்கிறது. போன மாதம் லயத்தில் தீ பிடித்தபோது எஞ்சினை அணைத்துவிட்டு, சுழல் விளக்குகளை எரியவிட்டு, தனி பம்பை இறக்கி வேலை செய்தோம். அரை மணி நேரம் கழித்து லோரி ஸ்டார்ட் ஆகவில்லை, வேறு லோரியிலிருந்து வயர் கொடுத்துத்தான் எழுப்பினோம். பேட்டரிகள் மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது. இன்னும் இரண்டு விளக்கு போடலாமா?

பதில்: தம்பி, விளக்கைப் பிறகு பார்க்கலாம். பழைய சுழல் விளக்கில் 55 வாட் பல்ப் என்றால் 24 வோல்ட்டில் ஒன்றுக்கு 2.3 ஆம்பியர் இழுக்கும். நாலு விளக்கு, ஹெட்லைட், ரேடியோ எல்லாம் சேர்த்து 20 ஆம்பியர் என்றே வையுங்கள், அரை மணிக்கு 10 ஆம்பியர்-அவர்தான் போகும். 100 ஆம்பியர்-அவர் பேட்டரி நல்லபடியாகச் சார்ஜ் ஆகியிருந்தால் இதற்கெல்லாம் படுத்துவிடாது. அப்படியென்றால் உங்கள் பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஆகியிருக்கவே இல்லை.

என் சந்தேகம் ரேடியோ மேல்தான். 24 வோல்ட் வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக நிற்கும், அதில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுத்து ரேடியோவுக்குக் கொடுத்துவிடுவார்கள், சுலபம் என்று. அந்த ஒன்று எப்போதும் அரைப்பட்டினியாகக் கிடக்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிக் கொதித்துத் தண்ணீர் வற்றும். ராத்திரி முழுக்க வண்டி நின்ற பிறகு மீட்டரில் தனித்தனியாக அளந்து பாருங்கள்: ஒன்று 12.7, இன்னொன்று 12.1 என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டு, பேட்டரியையும் ஜோடியாகவே மாற்றுங்கள். தீ இல்லாத வாரங்களில் லோரி சும்மா நிற்குமே, அப்போது சார்ஜரில் போட்டு வைப்பதும் அவசியம்.

அமெரிக்காவில் தீயணைப்பு வண்டிகளுக்கான தர விதி என்எஃப்பிஏ 1901 (2024-இல் என்எஃப்பிஏ 1900-க்குள் சேர்ந்துவிட்டது) கேட்பதே எஞ்சின் நின்ற பிறகு அவசியமான மின்சுமையைப் பேட்டரி 10 நிமிடம் தாங்கி, திரும்ப ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதுதான். அரை மணி இல்லை. 24 வோல்ட் வண்டியில் 23.6-க்குக் கீழே 120 வினாடிக்கு மேல் இறங்கினால் அலாரம் அடிக்கவும் வேண்டும். அதனால் சம்பவ இடத்தில் எஞ்சின் ஓடட்டும், கொஞ்சம் ரேஸ் ஏற்றியே ஓடட்டும், ஐடிலில் ஆல்டர்னேட்டர் குறைவாகத்தான் கொடுக்கும்.

இப்போது விளக்கு. எல்இடி போடுங்கள், மிகக் குறைவாகத்தான் இழுக்கும். தனி ஃபியூஸ் வேண்டும், அந்த ஃபியூஸ் விடும் உச்ச மின்னோட்டத்தில் 125 சதவீதம் தாங்கும் வயர் வேண்டும். நிறத்தைப் பொம்பாவிடமும் (தீயணைப்புத் துறை) ஜேபிஜேயிடமும் (சாலைப் போக்குவரத்துத் துறை) கேட்காமல் வாங்காதீர்கள்.

அப்புறம் ஒன்று, அந்த அமெரிக்க விதியில், வழி கேட்டு ஓடும்போது விளக்கு எரிய ஒரு முறை, நின்று வழி மறிக்கும்போது வேறு முறை. நிற்கும்போது வெள்ளை மின்னல் விளக்கு எரியவே கூடாது. தோட்டத்து இருட்டில் எதிரே மோட்டாரில் வருகிறவனுக்கு அந்த வெள்ளை கண்ணைக் கட்டிவிடும், குழாய் இழுத்துக்கொண்டு ரோட்டில் நிற்கும் உங்கள் ஆளை அவன் பார்க்கவே மாட்டான். ஹேண்ட்பிரேக் போட்டதும் வெள்ளை தானாக அணைகிற மாதிரி வயரிங் செய்யச் சொல்லுங்கள், ஒரு ரிலே போதும்.